இவர் எனக்கு உறவினர் அல்லர்

நடுத்தர வயதில் ஒருவன் ஆப்பிள், சாத்துக்குடிப் பையோடு ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டு வாசலில் நின்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அனந்தபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி விலங்கியல் சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இன்னாங்க, உங்க ஸ்டூடண்ட் பத்திரிகை வெக்க வந்துக்கிறாரு!"

"பொண்ணுக்கா, பையனுக்கா?" என்று கேட்டுக்கொண்டே சார் வந்தார்.

"எனக்கு சார்."

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. பதறிப்போய், "கல்யாணம் இல்லம்மா, காலேஜு. டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்றேன். அது இன்னும் மோசமாகப் போனது.

விஷயம் இதுதான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். ஊரின் பாதிச் சர்க்கரையை நான்தான் அளந்திருப்பேன். வெளிநாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரி வயது பார்ப்பதில்லை என்று தெரிந்து விண்ணப்பித்தேன். என் நரைத்த தலையில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் மட்டும் மாதக் கடைசிக்குள் வரவேண்டும்; வராவிட்டால் விண்ணப்பம் செல்லாது. நான் வகுப்பறையைப் பார்த்தே இருபது வருஷத்துக்கு மேலாகிறது. டென்ஷனில் என் பிரஷரை நானே பார்த்துவிட்டு, மெஷின் ரிப்பேர் என்று முடிவு செய்தேன்.

நம் ஊரில் கடிதத்தை நாமே எழுதிக்கொண்டு போய் நீட்டுவோம். பெரியவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே முன்மாதிரி நன்னடத்தைச் சான்றிதழ்தான். என் ஆங்கிலத்தைச் சார் தமிழாக்கி உரக்கப் படித்தார்.

"இவர் நல்லொழுக்கம் உள்ளவர். எனக்கு உறவினர் அல்லர்." நிமிர்ந்தார். "யோவ், இத்த வெச்சிக்கினு கேஸ் கனெக்‌ஷன் வாங்கலாம். டாக்டர் சீட்டு குடுப்பானா?"

"கையெழுத்து மட்டும் போதும் சார்."

"உனக்கு இப்ப இன்னா தெரியும்னு போடறது? தவள இதயத்துல எத்தினி அறை?"

"நாலு... இல்ல சார், மூணு."

பழைய லேப் அப்படியே கண் முன்னால் வந்தது. ஃபார்மலின் நெடி, மெழுகுத் தட்டில் மல்லாந்த தவளை, டிபன் பாக்ஸ் புளிசாத எண்ணெய் ஊறிய ரெக்கார்டு நோட்டு, கடைசி மேசையில் அடக்க முடியாமல் நாங்கள் சிரித்த சிரிப்பு. பயமும் அதே பழைய பயம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது இனித்தது.

சார் காகிதத்தைத் திருப்பித் தந்தார். "ஞாயித்துக்கெயமையில வா. நடத்தறேன். தேறினா எழுதறேன். தேறலன்னா உறவினர் இல்லன்னு மட்டும் எழுதிடறேன்."

அந்த மாதம் முழுக்கப் போனேன். ஒவ்வொரு தடவையும் காபி வைக்கும்போது அம்மா என் காதருகே குனிந்து, "ரிட்டயர் ஆனப்பறம் இப்பதாம்பா இவுரு சத்தமா பேசறாரு" என்பார். சத்தமெல்லாம் என்னைத் திட்டத்தான்.

கடைசி ஞாயிறன்று சார் கடிதத்தைப் போனில் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். எட்டிப் பார்த்தேன். முதல் வரியில், இவர் இப்போது என்னிடம் படிக்கும் மாணவர் என்றிருந்தது. அடுத்த வரிக்குள் போனை மார்போடு மறைத்துக்கொண்டார்.

"நல்லதா எழுதுறீங்களா சார்?"

திரும்பி உட்கார்ந்து மீதியையும் தட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "அனுப்பிட்டேன், கெளம்பு. அடுத்த வாரம் கிட்னி. படிச்சிக்கினு வா."