திருவள்ளூரில் வெல்லம், கும்மிடிப்பூண்டியில் சாட்சி

மூன்று மாதத்துக்கு முன் என் கணவர் சேகருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. போன வாரம் செக்கப்புக்குப் போனபோது டாக்டர், “நல்லா இருக்கார், வேலைக்குப் போகலாம்” என்றார். அன்றைக்குத்தான் நான் முழுசாக மூச்சுவிட்டேன். அந்த வாரச் சனிக்கிழமையே கிளம்பிய ஒரு நாள் பயணம் இது.

வழக்கமாக இந்தப் பயணக் கட்டுரைகளில் ஏரி, பறவைகள், பழைய கோட்டை என்று எழுதுவேன். இந்த முறை போனது நன்றி சொல்ல. நான் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், கணவர் வீடு இந்துக் குடும்பம். ஆபரேஷன் நாளில் நான் ஒரு பக்கம் ஜெபம் பண்ணினேன். அவருடைய அக்கா காஞ்சனா, எனக்கு அண்ணி, திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார். யார் நன்றி முதலில் என்று எங்களுக்குள் லேசான இழுபறி. கடைசியில் ஒரு ஒப்பந்தம்: காலையில் நான் அண்ணியோடு கோயிலுக்கு, மாலையில் அண்ணி என்னோடு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் என் தம்பி போகும் கிறிஸ்தவ சபைக்கு. இதைக் கேட்ட சேகர், “டாக்டருக்கும் ஒரு நன்றி சொல்லிடுங்க, பாவம் அவரும்தான் கஷ்டப்பட்டாரு” என்றார்.

சென்ட்ரலிலிருந்து காலை ஆறே காலுக்குப் புறநகர் ரயில். திருவள்ளூர் 42 கிலோமீட்டர், டிக்கெட் பத்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். அண்ணி அதைத் தாண்டியுள்ள கடம்பத்தூரில் இருக்கிறார். அங்கிருந்து எதிர்ப்பக்க ரயிலில் வந்து, எனக்கு முன்னாலேயே ஸ்டேஷன் வாசலில் நின்றார். கையில் பையும் பையில் வெல்லமும்.

“நாஷ்டா ஆச்சா ஸ்டெல்லா?”

“இல்ல அண்ணி, கோயிலுக்கப்புறம் சாப்பிடலாம்.”

“நீ எதுக்குப் பட்டினி கெடக்குற? வேண்டிக்கினது நானு” என்று என்னை ஒரு கடைக்குள் தள்ளிவிட்டார். பொங்கலும் வடையும் அறுபது ரூபாய். அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து கோயில் நாலு கிலோமீட்டருக்குள், ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் இங்கே குளத்தில் வெல்லம் போடுகிறார்கள். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. அண்ணி படியிறங்கி வெல்லத்தை விட்டு, கொஞ்ச நேரம் கண்மூடி நின்றார். நான் மேல்படியில் செருப்புகளுக்குக் காவல். பக்கத்தில் ஒரு குடும்பம் மருத்துவமனை ஃபைலோடு உட்கார்ந்திருந்தது. நானும் போன வாரம்வரை அப்படி ஒரு ஃபைலைச் சுமந்தவள்தான்.

பதினொரு மணிக்குப் பெரியபாளையம் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அண்ணி தானாகவே பேச ஆரம்பித்தார்.

“ஆப்பரேசன் அன்னைக்கி காலைல இங்கதான் இருந்தேன். வெல்லத்தப் போட்டுட்டு கண்ண மூடுனேனா, மனசு அப்படியே அடங்கிப்போச்சு. தம்பிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு உள்ளார யாரோ சொன்ன மாரி இருந்துச்சு. அப்பால ஊட்டுக்குப் போயி சோறாக்கி சாப்டேன்னா பாத்துக்கோ.”

அதே காலையில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில், நடுங்கிக்கொண்டு ஜெபம் பண்ணிய எனக்கும் அதுதான் நடந்தது. திடீரென்று நடுக்கம் நின்றது. அவர் பிழைப்பார் என்று உள்ளே ஒரு நிச்சயம். பயண நாள் மாலை சபையில் எல்லார் முன்னும் நான் சாட்சியாக, கர்த்தர் செய்த நன்மையாக, சொல்ல வைத்திருந்ததே அதைத்தான். தம்பி டேனியல் போனில் ஏற்கெனவே சொல்லியிருந்தான்: “அக்கா, மத்த சாமியால முடியாதத நம்ம கர்த்தர் செஞ்சாருன்னு தெளிவா சொல்லணும். உன் மனசுல வந்த அந்த நிச்சயமே போதும், அதான் ஆதாரம்.”

நானும் வெகுகாலமாக அப்படித்தான் நம்பிவந்தேன். இப்போது பஸ் ஜன்னலோரம் இன்னொரு ஆதாரம் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அண்ணியுடையதை எப்படியாவது கழிக்கப் பார்த்தேன். சின்ன வயதுப் பழக்கம் என்று சொல்லலாம். எனக்கும் அது சின்ன வயதுப் பழக்கம்தான். பயத்தில் மனசு தேடிக்கொண்ட ஆறுதல் என்று சொல்லலாம். நான் மட்டும் பயப்படாமலா இருந்தேன்? விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் எங்களிடம் உண்டு என்று சொல்லலாம். மற்ற மதங்களிலும் உண்டு. அவர் கணக்கில் எதை அடித்தாலும் என் கணக்கிலும் கோடு விழுந்தது. பெரியபாளையத்தில் அண்ணி பவானியம்மனுக்கு ஜன்னல் வழியாகவே கும்பிடு போட்டார். நான் வெளியே பார்த்தபடி மாலையை நினைத்துப் பேஜாராகிக்கொண்டிருந்தேன்.

அங்கே சாப்பிட்டுவிட்டு, பஸ் மாறி, ஆரணி, புதுவாயல், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி வந்தபோது மணி மூன்று. இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஆளுக்கு எழுபது ரூபாய்க்குள்தான். சிப்காட்டுக்கு ஆட்டோ கேட்டோம்.

“ஜெபக்கூட்டமா? நூத்தியம்பது குடுக்கா. உள்ளார ரோடெல்லாம் டிரெய்லரா நிக்குது.”

நூற்றி இருபதுக்குப் படிந்தார். சொன்னது பொய்யில்லை. இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. வெளிர்நிறச் சேலை கட்டிப் போகாதீர்கள், கரித்தூள் படியும்.

சபை என்பது ஷீட் போட்ட ஒரு ஹால். நாற்பது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் காலை ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள். டேனியல் வாசலிலேயே நின்று, “வாங்க காஞ்சனாக்கா” என்று அண்ணியை முன்வரிசையில் உட்கார வைத்தான். பாட்டு முடிந்து பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மைக்கைப் பிடித்தபோது அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடத்தில் பிள்ளை பேசப்போகிறது என்று பார்ப்பது மாதிரி. காலையிலிருந்து ஒப்பித்துவைத்த வாக்கியம் வாயில் வரவில்லை.

ஆபரேஷன் நாளைச் சொன்னேன். நடுக்கம் நின்றதைச் சொன்னேன். பிறகு சொன்னேன்: “எனக்கு நிச்சயம் வந்துச்சு. ஆனா எனக்கு நிச்சயம் வந்ததாலதான் அவரு பொழைச்சாருன்னு சொல்ல என்னால முடியல. அதே காலைல என் அண்ணிக்கும் அதே நிச்சயம் வந்திருக்கு, அவங்க கும்புடுற இடத்துல. என்னோடது நெஜம், அவங்களோடது பொய்யின்னு நான் எத வெச்சு சொல்றது? நான் இயேசுவ நம்புறேன். நன்றி சொல்ல வந்தேன். அவ்ளோதான்.”

டேனியல் தரையைப் பார்த்தான். பாஸ்டர் ஒரு நொடி தயங்கி, “ஆமென்” என்று அடுத்த பாட்டைத் தொடங்கினார். எதிர்ப்பு வரும் என்று நினைத்திருந்த எனக்கு இவ்வளவுதானா என்று இருந்தது.

கூட்டம் முடிந்ததும், கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்திருந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். பெயர் ரூத். ஒரு வருஷத்துக்கு முன் அவள் கணவன் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தானாம்.

“எனக்கும் வந்துச்சுக்கா அந்த நிச்சயம். நீங்க சொன்னீங்களே, அதே மாரி. கண்டிப்பா எழுந்து வந்துருவாருன்னு மாமியார்கிட்டகூட சொல்லிட்டேன். ரெண்டு நாள்ல போய்ட்டாரு. இங்க சாட்சி சொல்றவங்க எல்லாம் நிச்சயம் வந்துச்சு, நடந்துச்சுன்னு சொல்லும்போது, என் நம்பிக்கைலதான் இன்னாவோ கொறன்னு நெனச்சிகினே இருந்தேன். நான் சரியா நம்பாததால அவரு போய்ட்டாரோன்னு.”

அண்ணி அவள் கையைப் பிடித்தார். “நீ இன்னாம்மா பண்ணுவ? நீ அவர் மேல உசுர வெச்சிருந்த. அதுல ஒரு கொறயும் இல்ல.”

ரூத் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இன்னைக்கித்தான்க்கா மனசு லேசா இருக்கு” என்று சொல்லிவிட்டு, சபையின் சமையல் பாத்திரங்களைக் கழுவப் போனாள்.

டேனியல் எங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தான். பிளாட்ஃபார்மில் டீ வாங்கிக் கொடுத்த பிறகு கேட்டான்: “அப்ப எல்லா மதமும் ஒண்ணுன்றியா?”

“அப்படிச் சொல்லலடா. எது நெஜம்னு தேடலாம், பேசலாம், படிக்கலாம். ஆனா என் மனசு உறுதியா இருக்குன்றத மட்டும் காட்டி அவங்க சாமி பொய்யின்னு தீர்ப்பு சொல்ல முடியாது. அந்த உறுதி எனக்கு. அதனாலதான் நான் இதுல இருக்கேன். அடுத்தவங்களுக்கு அது ஆதாரம் ஆவாது.”

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “நீ சொல்றது முழுசா சரியில்லக்கா, நான் யோசிச்சு சொல்றேன்” என்றான். கோபம் இல்லை. அந்தக் கோபத்துக்குத்தான் நான் மதியத்திலிருந்து பயந்துகொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் அண்ணி பக்கம் திரும்பினான். “காஞ்சனாக்கா, அன்னைக்கி கொளத்துல உங்களுக்கு இன்னா ஆச்சு? சொல்லுங்க.”

எனக்கும் சேகருக்கும் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அவன் அண்ணியிடம் அவர் சாமியைப் பற்றிக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. ரயில் வரும்வரை அண்ணி சொன்னார். அவன் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரயிலில் அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பொன்னேரி, அத்திப்பட்டு தாண்டும்போது எனக்குள் ஒரு பயம் எட்டிப் பார்த்தது: இன்று எதையாவது இழந்துவிட்டேனா? தேடிப் பார்த்தேன். அந்த நிச்சயம் அங்கேயேதான் இருந்தது. அதை வைத்து யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை என்பது மட்டும்தான் புதுசு. ஜெயிக்கிற அந்த வேலையை இறக்கி வைத்த பிறகுதான் அது எத்தனை பாரம் என்று தெரிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: திருவள்ளூர்க் கோயிலுக்கு அமாவாசையில் போகாதீர்கள், குளத்தருகே நிற்க இடமிருக்காது. செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கூட்டத்தால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் பஸ்கள் நிரம்பி வழியும். பெரியபாளையத்தில் பஸ் மாற அரைமணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு ரயில்தான் வசதி. சாப்பாடு சேர்த்து ஆளுக்கு நானூறு ரூபாய் தாண்டாது. முடிந்தால் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஜன்னலோர சீட்டை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். பேச்சு தானாக வரும்.