லேத் ஓடாத காலை

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கோவை கணபதியில் குடியிருந்தோம். கொல்லைப்புற மதிலுக்கு அந்தப் பக்கம் இரும்பு கடையும் லேத் பட்டறை. அரசு அலுவலகத்தில் இருந்த நான், சத்தத்துக்கு எதிராக யாரிடம், எந்தப் பிரிவின் கீழ் மனுப் போடலாம் என்பதெல்லாம் அறிந்தவன். போடாததற்குக் காரணம் என் மகளின் வயலின். அதைவிடப் பட்டறை இனிமையாக இருந்தது.

அவளுக்குப் பத்து வயது. உடம்புக்கு மீறிய கைகால்கள். வில்லை எடுத்தால் காலண்டர் விழும். காலண்டரிடம் மன்னிப்புக் கேட்பாள். லேத் ஓடும்போது மட்டுமே வாசிப்பாள், யார் காதிலும் விழக் கூடாதாம். கரண்ட் போனால் வயலினும் பெட்டிக்குள் போய்விடும். விஜயதசமி மாலை தன் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் தனித்தனியாக வாசிக்க வேண்டும், இவள் அன்றும் வாசிக்காவிட்டால் வகுப்பை நிறுத்திவிடலாம் என்று வயலின் ஆசிரியை சொல்லிவிட்டார். மகள் சாப்பிடாமல் அழுதாள். நிறுத்தவும் மனமில்லை, வாசிக்கவும் தைரியமில்லை.

ஆயுத பூஜையன்று பட்டறைக்காரர் பொரி கொடுக்க அழைத்தார். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். என் மகளைப் பார்த்து, அம்மணி ஒரு பாட்டு வாசிக்கட்டும் என்றார். பூஜையில் வைத்த வாத்தியத்தை மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்று நான் விதியைச் சொன்னேன். மகள் என்னை அவ்வளவு நன்றியோடு அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை வயலினோடு கொல்லையில் நின்று லேத் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. மதிலுக்கு மேல் பட்டறைக்காரரின் தலைதான் வந்தது.

"இன்னிக்கு நீ வாசி கண்ணு. அப்புறந்தான் சுவிட்ச் போடுவேன்."

தப்பாக வந்துவிடும் என்று முணுமுணுத்தாள்.

"தெரியுமே. லேத் சத்தம் எங்களுக்குப் பழகிப்போச்சு, உன் வயலின் மட்டுந்தான் கேக்குது. மூணாவது வரில தடுக்கும். அதுவரைக்கும் எங்க பசங்களுக்கே மனப்பாடம்."

பட்டறைக்குள்ளே சிரித்தார்கள். மகளின் கண் கலங்கியது. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"புதுசா செட்டிங் போட்டா மொதப் பீஸ் ஸ்க்ராப்புத்தான் கண்ணு, குப்பைக்குத்தான் போகும். அதுக்காக லேத்தையா வித்துப்போடறோம்?"

வாசித்தாள். சொன்ன இடத்தில் தடுக்கி நின்றாள். பட்டறையில் யாரும் அசையவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, முடித்தாள். அதற்குப் பிறகே லேத் ஓடியது. மாலை ஆசிரியை வீட்டிலும் தடுக்கியது. ஆனால் வயலினைப் பெட்டிக்குள் வைக்கவில்லை, மறுபடி தொடங்கினாள்.

யாராவது தடுமாறிக்கொண்டே பேசத் தொடங்கினால், எனக்குத் தெரிந்த விதிகளையெல்லாம் வாய்க்குள்ளேயே நிறுத்திவைத்து இன்றும் காத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற அதிகாரிக்கு அது அத்தனை சுலபமில்லை.