நின்ற நேரம் சேர்க்காத பலகை

எங்காடின் பள்ளத்தாக்கில் எந்த மலைப்பாதையில் ஏறினாலும் வழி பிரியும் இடத்தில் ஒரு மஞ்சள் பலகை நிற்கும். அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று அது சொல்லாது. நடந்தால் எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்றுதான் சொல்லும். தன் வட்டாரத்தில் அந்த நிமிடங்களைக் கணக்குப் போட்டு எழுதவைப்பது பார்ப்லாவின் வேலை. தூரம், ஏற்றம், இறக்கம் எல்லாம் பார்த்து அவள் ஒரு மணி இருபது என்றால் ஒரு மணி இருபதுதான். பதினேழு வருடத்தில் ஒரு புகார் வந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கூச்சமும் இல்லை.

முதல் புகார் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

போன கோடையில் குடும்பமாக மூன்று நாள் மலைச் சைக்கிள் பயணம் கிளம்பினார்கள். திட்டம் முழுக்கப் பார்ப்லா போட்டது. முதல் நாளுக்கு மூன்று மணி நாற்பது நிமிடம் என்று எழுதியிருந்தாள். ஆனதோ எட்டு மணி நேரம். கடைசி ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. அம்மா முன்னால் “சீக்கிரம், சீக்கிரம்” என்று கத்திக்கொண்டே போக, எட்டு வயது மகள் நேசா சைக்கிளைப் போட்டுவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்து, இனி உன்னோடு வரவே மாட்டேன் என்று அழுதாள். மறுநாளே வீடு திரும்பினார்கள்.

இந்த ஜூனில், ஒரு வெள்ளிக்கிழமை, பார்ப்லா மறுபடி வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். நேசா ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“நான் உர்சினா அத்தைகூட ஏரிக்குப் போறேன். அத்தை ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணும், சொல்லிடுவேன்.”

“இந்தத் தடவை சின்ன வழிதான்டி. முதல் நாள் ரெண்டு மணி பத்து நிமிஷம்.”

“பொய். உன் பலகையெல்லாமே பொய்!”

சீஸ் நறுக்கிக்கொண்டிருந்த கணவன் கர்டினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தபால் பஸ் ஓட்டுகிறவன் அவன். “பதினேழு வருஷ சர்வீஸ் இப்பிடி ஒரே நிமிஷத்துல கவுந்துபோச்சே, பார்ப்லா!”

பார்ப்லாவுக்குச் சுருக்கென்றது. பலகையைச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; மகள் இல்லாத விடுமுறையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் வீம்பு விடுமா?

“பொய்யின்னா நிரூபி. நாளைக்கு மேல மாட்டுக்கொட்டகை வரைக்கும் போவோம். சைக்கிள்ல முப்பத்தஞ்சு நிமிஷம். நேரத்தை நீயே எழுது.”

சனிக்கிழமை நேசா அப்பாவின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினாள். ஐந்து வயதுத் தம்பி டூரியின் குட்டிச் சைக்கிளை அப்பாவின் சைக்கிளோடு கயிற்றால் கட்டியிருந்தார்கள். வழியெல்லாம் நேசா கடிகாரத்தைப் பார்ப்பதும் எழுதுவதுமாகவே வந்தாள். கொட்டகை வாசல் பெஞ்சில், ரொட்டியைப் பிரித்துவைத்துக்கொண்டு கணக்கை வாசித்தாள்.

“ஓட்டினது முப்பத்தஞ்சு நிமிஷம்.”

“பாத்தியா!” பார்ப்லாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“இரு, முடிக்கல. டூரி ஓடையில கல்லு போட்டது இருபத்திரெண்டு. மாடு வழிய மறிச்சு நின்னது ஒம்பது. டூரி சாக்ஸ்ல எறும்பு, ஆறு. அப்பா மாட்டுக்காரர்கிட்ட மழையப் பத்திப் பேசினது பதினாலு. அம்மா ‘சீக்கிரம்’னு சொன்னது நாலு.”

“அதுக்குப் போய் நாலு நிமிஷமா?”

“ஒரு தடவைக்கு அஞ்சு செகண்ட். நாப்பத்தெட்டு தடவை.”

கர்டினுக்கு ரொட்டி புரையேறியது.

“இன்னும் ஒண்ணு இருக்கு. அம்மா அவ பலகைய நிமித்தி, துடைச்சு, தள்ளி நின்னு அழகு பாத்தது இருபது நிமிஷம். மொத்தம் ஒரு மணி அம்பது.”

பார்ப்லா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மகள் சொன்னது சரி. நிற்காமல் போகிறவர்களுக்கான நேரத்தையே காலமெல்லாம் எழுதியிருக்கிறாள். அப்படிப் போகிற ஆள் அவள் வீட்டில் ஒருவரும் இல்லை, அவளும் இல்லை.

ஞாயிறு காலை பழைய திட்டத்தைக் கிழித்துப்போட்டாள். ஒரு நாளைக்கு ஒரே ஏற்றம் போதும் என்று முடிவாயிற்று. ஓட்டுகிற நேரத்தை மட்டும் எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பென்சிலை நேசாவிடம் நீட்டினாள். டூரி கல்லெறிய ஒரு மணி நேரம் கேட்டான். கர்டின் வால்நட் கேக்குக்கு நாற்பது நிமிடம் கேட்டு, பேரம் பேசி முப்பதுக்கு இறங்கினான். நேசா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. கேட்கவும் பார்ப்லாவுக்குப் பயம்.

பதினோரு மணிக்கு ஃபோன் அடித்தது. உர்சினாதான். பார்ப்லா ஃபோனை மகளிடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

“ஏரிக்கு வரல அத்தை,” என்றாள் நேசா. “அம்மாவுக்கு ஓட்டுற நேரம் மட்டுந்தான் போடத் தெரியும். நிக்கிற நேரத்துக்கு நான் வேணும்.”

ஃபோனை வைத்த மறு நொடி பார்ப்லா அவளை வாரி அணைத்துக்கொண்டாள். விடவே இல்லை. நேசா ஒரு கையை மட்டும் எப்படியோ விடுவித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அம்மா, மூணு நிமிஷம் ஆச்சு. எழுதிக்கவா?”

“பத்துன்னு போடு,” என்றாள் பார்ப்லா.