மம்பட்டி இல்லாத காவல்

கோம்பை தாண்டி வாய்க்கால் பாலத்தில் கார் நிற்கிறது. எஞ்சின் சூடு ஆற வேண்டும் என்கிறார் டிரைவர். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இப்போதுதான் தேவாரம் ஊரை நிற்காமல் கடந்து வந்தோம். அங்கே என் பழைய நண்பன் வீடு இருக்கிறது. நான் சொன்ன ஒரு பொய்யால் அவன் தங்கையின் கல்யாணம் நின்றுபோனது.

உடன் வரும் டேனியல் யூதர். நாளை மறுநாள் அவர்களுடைய பாவமன்னிப்பு நாள். அதற்குள் கொச்சி போய்ச் சேர வேண்டும். மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதரிடமே போய் மன்னிப்புக் கேட்காமல் கடவுள் மன்னிப்பதில்லை என்று காலையில் சொன்னார். அது காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மடைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் காவல்காரர் கையில் மண்வெட்டிகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். பேச்சுக் கொடுக்கிறேன்.

"முந்தி நானே அடுத்தவுக பாய்ச்சுற முறையில மடைய வெட்டித் தண்ணி திருடுனவன்தான். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போயி மன்னிப்புக் கேட்டேன். அப்பறம் என்னையவே காவலுக்குப் போட்டாக. எங்கன வெட்டுவாய்ங்கன்னு எனக்குத்தான தெரியும்."

"இப்ப ஆசை வராதா?"

"வராம என்ன. அந்தா காயிறது என் வயக்காடுதான். அதான் மம்பட்டிய வீட்லயே வச்சுட்டு வாரேன்."

டேனியலுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறேன். பாவமே செய்யாதவரைவிட இவர் ஒரு படி மேல், செய்த பாவமே இவருக்குப் புண்ணியமாகிவிட்டது என்கிறார்.

டிரைவரிடம் வண்டியைத் தேவாரத்துக்குத் திருப்பச் சொல்கிறேன்.

"என்ன, வந்த வழியவே போறீக?" என்று கேட்கிறார் காவல்காரர்.

ஒரு வீட்டில் இறங்க மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுக்கிறேன்.

"ஒரு வீட்ல இறங்கப் பயந்துக்கிட்டு வந்துட்டேன்" என்கிறேன்.