தெருவைப் பார்த்திருந்த சப்பாத்து

சரக்குக் கப்பலில் வேலை செய்யும் எனக்கு, ஜப்பானின் சிறு துறைமுகமொன்றில் அரைநாள் ஓய்வு கிடைத்தது. எங்கள் கப்பலாட்கள் சிலருக்குக் கரையோரக் கோயில்களை நடந்தே காட்ட ஒரு வழிகாட்டிப் பெண் வந்தார்.

முதற் கோயிலின் மர வளைவுக்குள் எல்லோரும் சப்பாத்தோடு நுழைந்தார்கள். கோயிலுக்குள் செருப்போடு போகாத புளியங்கூடலில் பிறந்த எனக்கு மனம் வரவில்லை. வளைவடியிலேயே கழற்றிவிட்டு, சரளைக்கல் குத்தக் குத்த நடந்தேன். சன்னிதி கடலைப் பார்த்திருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து நயினாதீவு அம்மன் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. மனைவியையும், கடிதத்தில் மட்டுமே அறிந்த என் கைக்குழந்தையையும் நினைத்துக் கண்களை மூடினேன்.

திறந்தபோது ஒருவரும் இல்லை. பின்வழியால் அடுத்த கோயிலுக்குப் போய்விட்டார்கள். மாலையில் கப்பல் புறப்பட்டுவிடும்; எனக்கோ வழி தெரியாது. பதறிப்போய் வளைவடிக்கு ஓடினேன். என்னைத் தேடித் திரும்பி வந்த அந்தப் பெண் அங்கே நின்றார். என் சப்பாத்துகள் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.

"போகும்போது சுலபமாகப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் வீடுகளில் விருந்தாளிகளுக்கு இப்படித்தான் வைப்போம்" என்றார்.

ஊருக்கு லீவில் வந்ததிலிருந்து, வீட்டுக்கு வருபவர்களின் செருப்புகளை நானும் திருப்பி வைக்கிறேன். முதல்நாள் மனைவி பதறினாள்.

"இஞ்சேருங்கோ, வந்த ஆக்களைப் போகச் சொல்லுற மாதிரியெல்லோ கிடக்கு!"

"இல்லையப்பா, சுகமாய்ப் போய்ச் சேரட்டுமெண்டுதான்."

இப்போது அவளே திருப்பி வைக்கிறாள். வருகிற கிழமை நான் மறுபடி கப்பலேற வேண்டும். என் செருப்பை மட்டும் அவள் இன்னும் தொடவில்லை. அது வீட்டைப் பார்த்தபடியே கிடக்கிறது.