வாசலில் நின்ற வாழை

நீர்வேலி இராசநாயகத்தாருக்குக் கப்பலின் ஆட்டம் இன்னும் காலை விட்டுப் போகவில்லை. கனடாவில் இருக்கும் மகள், நத்தார் விடுமுறைக்குத் தாய் தகப்பனைக் கரீபியன் கடலில் கப்பல் சுற்றுலா கூட்டிப் போயிருந்தாள். சொகுசுக்கு ஒரு குறையும் இல்லை. திரும்பி வருவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கப்பலால் இறங்கி, விமானம் மாறி மாறி ஏறி, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வாடகை வானுக்குள் குந்தியபோது மனுசனுக்கு முள்ளந்தண்டே இல்லாதது போலிருந்தது.

"வீட்டை போனவுடனை படுங்கோ," என்றாள் மனைவி மீனாம்பிகை.

"தோட்டத்தை ஒருக்காப் பாத்திட்டுத்தான் படுப்பன்."

தோட்டம் என்று அவர் சொன்னது இரண்டு இதரை வாழைகளை. புறப்படும்போதுதான் குலை தள்ளியிருந்தன. தன் கையாலேயே முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். நடுக்கடலில் இருந்தும் ஊரில் நின்ற தங்கை மகன் கோபிசங்கரைத் தொலைபேசியில் பிடித்து, "உந்த ரண்டும் கவனமடா," என்பார்.

வான் ஒழுங்கைக்குள் திரும்பியது. கேற்றடியில் சொந்தபந்தமெல்லாம் நின்றது. கலியாண வீடு மாதிரி, கேற்றின் இரு பக்கமும் குலையோடு வாழை கட்டியிருந்தது.

"வாங்கோ மாமா!" கோபிசங்கர் ஓடிவந்து பையை வாங்கினான். "கப்பலிலை போட்டு வாறியள், சும்மா விடேலுமே? ஊரிலை இதைவிடத் திறமான குலை இல்லை."

இராசநாயகத்தார் ஒரு காயைத் தடவிப் பார்த்தார். முற்றாத காய், விளிம்பு இன்னும் கூராகவே இருந்தது.

"கப்பல் எப்பிடி அண்ணை?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"நல்ல கப்பல்," என்றவர் மனைவியிடம் திரும்பினார்.

"இஞ்சேரும், பாயை விரியும். தோட்டம் பாத்தாச்சு."