யார் வீட்டுப் பிள்ளை

கணினிக் கோப்பு எதையும் அனுப்பும் முன் அதன் மேல் வரியில் விரல் வைத்து, "நீ யார் வீட்டுப் பிள்ளடா?" என்று கேட்பார் எங்கள் குழுவில் மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். திரையில் அந்த இடத்தில் மட்டும் ஒரு பிசுக்கு. சம்பந்தம் பேச வந்தவர்போல விசாரிப்பதால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் 'அத்தை'.

நாங்கள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். அதில் 'நோயாளி' தாய் வகை. 'குழந்தை நோயாளி' அதன் சேய். பெயரும் எடையும் தாய் வழி வருபவை. எடைக்கேற்ற மருந்தளவு சேய்க்கு மட்டும் உரியது. இன்னொரு கணினிக்கு அனுப்ப இதை வெறும் எழுத்து வரிகளாக்கும்போது அந்த உறவு உதிர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு பதிவின் தலையிலும் 'வகை: குழந்தை நோயாளி' என்று எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் பெரியவர்களுக்கான அளவைப் போட்டுவிடும்.

"நம்ம பிள்ள யாருன்னு நாமதான் சொல்லி அனுப்பணும். சம்பந்தி வீட்டுல அவங்களா கண்டுபிடிப்பாங்களா?" என்பார் அத்தை. அப்பா அம்மா பெயரை விட்டுவிட்டு, என் பெயருக்குப் பின்னால் படித்த பட்டத்தை மட்டும் எழுதும்போது எனக்கும் இது உறுத்தும்.

போன வாரம் மேலாளர் தலைமேல் நின்றார். "கோப்பு கனமா இருக்கு. வேண்டாத வரிய வெட்டுங்க, இப்பவே போகணும்." அத்தை வெட்டினார், அனுப்பினார். தேநீரைக் கையில் எடுத்த பிறகுதான் விரல் திரைக்குப் போனது. வகை வரி இல்லை.

அத்தை உடனே மருத்துவமனைக்குப் போன் போட்டார். குழந்தைகள் வார்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடு தாயே, எடு…"

செவிலியர் எடுத்தார்.

"சிஸ்டர், இப்ப வந்த மருந்தளவு எதையும் போடாதீங்க!"

"மருந்த ஊசியில ஏத்திக் கையில வெச்சிருக்கேன், இன்னும் போடல."

"கீழ வைங்க. வெச்சீங்களா?"

"வெச்சாச்சு. பிள்ளயோட அம்மா என்னையே பாக்கறாங்க. என்னன்னு சொல்ல?"

"தப்பு என்னோடது. நானே நேர்ல வந்து அவங்ககிட்ட சொல்றேன்."

வரி அன்றே திரும்ப ஏறியது. பிள்ளை இன்னும் அதே வார்டில்தான். அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியது இன்னும் கடனாக நிற்கிறது. மருத்துவமனை எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில். மாலையானால் அத்தை சாலையைப் பார்ப்பார், பையைத் தோள் மாற்றிக்கொள்வார். நேற்று கடந்தே விட்டார். நானும் கூடப் போனேன்.

காவலாளி மறித்தார். "யாரப் பாக்கணும்?"

"மேல… குழந்தைங்க வார்டுல."

"பிள்ளைக்கு நீங்க என்ன உறவு?"

மாடியைக் காட்ட எழுந்த விரலை அத்தை மெல்ல மடக்கிக்கொண்டார்.